டிரைவர் போன ஊர்

நொச்சிவிளாகத்தில் ஒரு ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதைக் கடைசியாகத் தீர்மானித்தது பஸ் நிறுத்தத்துக்கு எதிரே செண்பகவடிவு நடத்திவந்த நெட் சென்டரின் கம்ப்யூட்டர்தான். பிறப்பு, இறப்பு, பட்டா, ரேஷன், முதியோர் பணம், எல்லாம் அதன் வழியாகவே போய் வந்தன. அதில் தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் கும்பிட்டுக் கேட்டாலும் இல்லை. ஒருமுறை அதில் தவறுதலாக இறந்துபோன மாட்டுத் தரகர் ஒருவர், தான் உயிரோடு நடமாடுவதற்காகப் பார்ப்பவர்களிடமெல்லாம் சங்கடப்பட்டுக்கொண்டு சந்தைக்குப் பின்பக்கமாகவே போய்வந்தார். அவர் பெண்டாட்டி பூ வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைத்தாள். அதனால், சித்திரை மாதத்தில் ஒரு காலை, அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதியில் கரண்ட் போய், கரண்ட் திரும்பி வந்தபோது அந்தக் கம்ப்யூட்டரின் திரையில் பதினாறு நிறங்களுக்கு மேல் ஒன்றும் மிஞ்சாமல், ஊரிலும் அதே பதினாறுதான் மிஞ்சியது என்று தெரியவந்தபோது, யாரும் பெரிதாக வாய் பிளக்கவில்லை. வேப்பமரமும் புளியமரமும் ஒரே பச்சை ஆயின. ஆட்டுக்குட்டிகள் கறுப்பு, வெள்ளை என்று இரண்டே கட்சியில் சேர்ந்தன. சாயங்காலம் மேற்கே உருகி வழியும் வானம் அன்றிலிருந்து பட்டை பட்டையாக, மடித்துவைத்த ஜமுக்காளம் மாதிரி நின்றது.

வடிவு அதையெல்லாம் அப்புறம்தான் பார்த்தாள். அவள் முதலில் பார்த்தது இரண்டு கொடிகளை.

அந்த ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெருக்கள். மேலத்தெருவின் நிறம் கத்தரிப்பூ. கீழத்தெருவின் நிறம் வெங்காயத்தோல். வெளியூர்க்காரன் பார்த்தால் இரண்டும் ஊதா, அவ்வளவுதான். ஆனால் அந்த ஊரில் பிறந்தவனுக்கு அரை மைல் தூரத்தில் வருகிறவன் தோளில் கிடக்கும் துண்டைப் பார்த்தே, இவனுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா, இவன் தண்ணீர் கொடுத்தால் குடிக்கலாமா, இவன் அக்காளைப் பற்றி என்ன பாட்டுப் பாடலாம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். துண்டு, பந்தல் துணி, கொடி, கைக்கயிறு, சமாதிக்கு அடிக்கிற பெயின்ட் வரைக்கும் அந்தந்த நிறம்தான். மேலத்தெருக்காரன் வீட்டில் வெங்காயத்தை வெங்காயம் என்று சொல்ல மாட்டார்கள், 'அந்தச் சனியன்' என்பார்கள். கீழத்தெருவில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தால் கதவைச் சாத்திவிட்டுத் தின்பார்கள்.

வடிவு வெங்காயத்தில் பிறந்து கத்தரியில் வாழ்க்கைப்பட்டவள். மேலத்தெரு ஆவுடையப்பனும் அவளும் தாங்களாகவே மாலை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது இரண்டு தெருவும் தலையில் அடித்துக்கொண்டு, கொஞ்ச காலத்தில் அடித்த கை வலித்து, விட்டுவிட்டன. போன வருஷத்து அம்மன் கோவில் திருவிழாவில், கொடையில்தான், எல்லாம் கெட்டது. அம்மனுக்கு முன்னால் யார் கொடி போவது என்ற வழக்கமான தகராறில் வடிவின் தம்பி குற்றாலம் எறிந்த கல், ஆவுடையின் அண்ணன் கோமதிநாயகத்தின் இடது கண்ணில் போய் விழுந்தது. கொடிக்கம்பத்தைப் பார்த்துத்தான் எறிந்தேன் என்று குற்றாலம் போலீசில் சொன்னான். அவன் குறி அவ்வளவு மோசம் என்பது ஊருக்கே தெரியும் என்பதால் நம்பினார்கள். கண் மட்டும் திரும்பி வரவில்லை. "கல்லெறிஞ்சவன் அக்கா என் வீட்டுல உலை வைக்கக் கூடாது" என்று மாமியார் சொல்ல, வடிவு நெட் சென்டருக்குப் பின்னால் இருந்த அறைக்குத் தன் துணிமணியோடு வந்துவிட்டாள். அண்ணனைக் கை பிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்று ஆவுடை அங்கேயே இருந்துவிட்டான். தாய் வீட்டுக்கும் அவள் போகவில்லை. இரண்டு தெருவுக்கும் நடுவில், பஸ் நிறுத்தத்தில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

இந்த வருஷக் கொடைக்கு அனுமதி வேண்டுமானால் ஒவ்வொரு தெருவும் தன் கொடியின் படத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அன்று காலை கோமதிநாயகம் கறுப்புக் கண்ணாடியோடு ஒரு பக்கமும் குற்றாலம் இன்னொரு பக்கமும் வந்து உட்கார்ந்தார்கள். கோமதிநாயகம் தம்பி பெண்டாட்டியிடம் பேசுவதில்லை. கம்ப்யூட்டரிடம்தான் பேசுவார். குற்றாலமும் கோமதிநாயகம் இருக்கும் இடத்தில் சுவரைப் பார்த்துத்தான் பேசுவான்.

வடிவு இரண்டு படங்களையும் திறந்தாள். இரண்டும் ஒரே நிறம். பஸ் ஸ்டாண்டில் விற்கும் திராட்சை ஜூஸ் மாதிரி ஓர் ஊதா.

"இந்தக் கம்ப்யூட்டரு எங்க கொடிய ஏன் இப்படிக் காட்டுது?" என்று கோமதிநாயகம் கம்ப்யூட்டரைக் கேட்டார்.

"வேற பிரவுசர்ல பாப்போம்" என்றாள் வடிவு. ஒரு பிரவுசரில் கொடியின் ஓரம் ஏணிப்படி மாதிரி வெட்டுவெட்டாக நின்றது. அடுத்ததில் ஓரம் தண்ணீர் பட்ட மையாக இழுவிக்கொண்டு போனது. ஓரம்தான் மாறியதே தவிர நிறம் அதே திராட்சை ஜூஸ்தான். "பிரவுசர்ல ஒண்ணும் இல்ல. டிரைவர் போயிட்டு. அதான் இப்படி."

"எங்க போனான்?" என்றான் குற்றாலம், சுவரிடம்.

"ஆள் இல்லலே. சாப்ட்வேர். படத்த உள்ள இருந்து திரைக்குக் கொண்டுவந்து சேக்குறது அதோட வேல. இப்ப அது இல்லாததனால கம்ப்யூட்டர் ஏதோ தனக்குத் தெரிஞ்ச பதினாறு கலர வச்சு ஒப்பேத்திக்கிட்டு இருக்கு."

இரண்டு பேரும் வெளியே வந்து, ஒருவர் மேற்கிலும் ஒருவன் கிழக்கிலும் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தக் கம்பத்திலும் இந்தக் கம்பத்திலும் ஒரே திராட்சை ஜூஸ் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் தன் தோள் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, வேண்டாவெறுப்பாக, குற்றாலத்தின் தோளைப் பார்த்தார். துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நெட் சென்டரில் டிரைவர் போய்விட்டான் என்ற செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. சம்பளம் ஒழுங்காகக் கொடுக்காததால் போய்விட்டான் என்று ஒரு கட்சி, பெண் விவகாரம் என்று ஒரு கட்சி. மினிபஸ் ஓட்டுகிறவரைக் கூப்பிட்டு, கொடை முடிகிறவரைக்கும் அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று பெரியவர்கள் கேட்டார்கள். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

ஊர் அதற்குள் பழகிவிட்டது. தக்காளி காயா பழமா என்பதை அமுக்கிப் பார்த்து வாங்கினார்கள், மிளகாய்ப்பொடியா மல்லிப்பொடியா என்பதை நக்கிப் பார்த்தார்கள். பாதி நரைத்தவர்கள் எல்லாரும் ஒன்று முழுக்கக் கறுத்தார்கள் அல்லது முழுக்க வெளுத்தார்கள், வெளுத்தவர்கள் வருத்தப்பட்டார்கள். பதினாறில் மனுசத் தோலுக்கு என்று கிடைத்தது ஒரே ஒரு பழுப்புத்தான் என்பதால், பெண் நல்ல சிவப்பா என்று கேட்டுக்கொண்டு வந்த மாப்பிள்ளை வீட்டார்கள், கேட்ட வாயோடு பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாப்பிள்ளையின் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேசரியைத் தின்றுவிட்டு, சரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உலகம் பழையபடிதான் இருந்தது. மினிபஸ் பாலத்தைத் தாண்டும்போது உள்ளே இருப்பவர்களின் சேலை, சட்டை, முகம் எல்லாம் சட்டென்று நிறம் ஏறும். திரும்பி வரும்போது இறங்கும். கண்டக்டர் அந்த இடத்துக்கு 'கலர் ஸ்டாப்' என்று பெயர் வைத்தார்.

துண்டில்தான் பெரிய குழப்பம். தூரத்தில் வருகிறவன் யார் என்று தெரியாததால் எல்லாரும் எல்லாரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்துவைத்தார்கள். கிட்டே வந்து இன்னார் என்று தெரிந்தபிறகு சிரித்த வாயை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேலத்தெருக் கிழவர்கள் கீழத்தெரு டீக்கடையில் போய் உட்கார்ந்து பாதி டீ குடித்தபிறகு விஷயம் தெரிந்து, மீதி டீயைக் கொட்டினால் காசு நட்டம் என்று குடித்தார்கள். டீ நன்றாக இருந்தது என்பதுதான் அவர்களுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

அப்படி ஒரு மத்தியானம் ஆவுடை நெட் சென்டருக்குள் வந்தான். மேலத்தெரு மாடியில் உட்கார்ந்துகொண்டு யார் எங்கே போகிறார்கள் என்று துண்டை வைத்துக் கணக்கெடுக்கும் அவன் அம்மாவுக்கு, அன்று சாலையில் போன ஒரு கும்பல் ஊதாவில் மகன் எது என்று தெரியவில்லை.

"ஆதார்ல போன் நம்பர் மாத்தணும்" என்றான்.

"எந்த நம்பர் போடணும்?"

"அதே நம்பர்தான்."

வடிவு சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ போட்டாள். ஒரு வருஷத்தில் அவன் காதோரம் முழுக்க வெளுத்திருந்தது, அது வயதா பதினாறு நிறத்தின் வேலையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூலையில் ஒரு பொட்டலம் போல ஐகான் ஒன்று இருந்தது.

"இது என்னது?"

"அதான் டிரைவர்."

"வந்துட்டானா?"

"எப்பவோ வந்தாச்சு. பழைய கிராபிக்ஸ் கார்டு, அதுக்குத் தோதானதத் தேடிப் பிடிக்கத்தான் கஷ்டமா இருந்திச்சு."

"போடலியா?"

வடிவு டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். "போடட்டா?"

ஆவுடை வாசலைப் பார்த்தான். வெளியே ஊதாத் துண்டுகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. "டீ ஆறட்டும்" என்றான்.

டீ ஆறுவதற்கு நெடுநாள் பிடித்தது. ஆவுடை தினம் ஒரு காரணத்தோடு வந்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று வரிசையாக எடுத்துமுடித்து, முதல் பட்டதாரிச் சான்றுக்கு வந்தபோது, நீ பத்தாவதே பாஸ் பண்ணவில்லையே என்று வடிவு சொல்ல, அப்படியானால் சும்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சும்மா வந்தான்.

கொடை நெருங்க நெருங்க ஊருக்குத்தான் தூக்கம் போனது. கொடி ஒன்றுபோல் இருந்தால் யாருடைய கொடி முன்னால் போகிறது என்று எப்படித் தெரியும், யாரை அடிப்பது என்று எப்படித் தெரியும், அடிபட்டது நம் ஆள்தானா என்று ஆஸ்பத்திரியில் போய்ச் சட்டையைக் கழற்றியா பார்ப்பது என்று இரண்டு தெருவிலும் தனித்தனியாகக் கூட்டம் போட்டுப் பேசினார்கள். அப்புறம் வரலாற்றில் முதல் தடவையாக மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே நிறத் துண்டோடு, தோளோடு தோள் உரச ஊர்வலமாக நெட் சென்டருக்கு வந்து, தங்களை உடனடியாகப் பிரித்துவைக்க வேண்டும் என்று கோரிக்கை வைத்தார்கள்.

"எறங்கிக்கிட்டு இருக்கு" என்றாள் வடிவு. அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லாததால் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"எத்தனை நாளா எறங்குதான்? மதுரையிலருந்து நடந்து வந்தாக்கூட இன்னேரம் வந்திருப்பானே?" என்றது கூட்டம்.

கோமதிநாயகம் கம்ப்யூட்டரைப் பார்த்து ஒரு யோசனை சொன்னார். "அதுவரைக்கும் ஆளுக்கொரு பிரவுசரா பிரிச்சுக்கிடலாம். வெட்டுவெட்டாக் காட்டுறது எங்களுக்கு. இழுவுறது அவங்களுக்கு."

"இழுவுறத ஏன் நாங்க எடுக்கணும்?" என்றான் குற்றாலம் சுவரிடம். அதில் தகராறு வந்து கூட்டம் கலைந்தது. வடிவு ஐகானின் மேல் வேறொரு ஜன்னலை இழுத்து மூடிவைத்தாள்.

அந்த வாரம்தான் குற்றாலத்தின் மனைவி பவுனு டவுன் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள். ஆண் பிள்ளை. கீழத்தெருவில் அழைத்தார்களோ இல்லையோ, அத்தைக்காரி என்ற முறையில் வடிவு ஒரு டப்பா பேரீச்சம்பழத்தோடு போனாள், யாரும் தடுக்கவில்லை. பிள்ளை ஊரில் எல்லாரையும் போல அதே பழுப்பில் இருந்தது. வில்லேஜ் நர்ஸும் வந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறான் என்று எழுதிக்கொண்டு போனாள். பால் மட்டும் சரியாகக் குடிக்கவில்லை. எழுப்பி எழுப்பி வைத்தாலும் தூங்கினான்.

"சமத்து மைனி. அழவே மாட்டேங்கான்" என்றாள் பவுனு.

வடிவுக்கு அது அவ்வளவு சமத்தாகத் தோன்றவில்லை. எதற்கும் டவுனில் ஒருமுறை காட்டிவிட்டு வருவோம் என்று மறுநாள் காலை மினிபஸ்ஸில் ஏற்றினாள். குற்றாலம் பந்தல்கால் நடுகிற வேலையில் இருந்ததால் வரவில்லை. பஸ்ஸில் இடம் இல்லை. துண்டின் நிறம் தெரியாமல் கலந்து உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பவுனுக்கு மட்டும் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தபிறகுதான் அது கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற கோமதிநாயகம் என்று தெரிந்தது. பவுனு எழுந்திருக்கப் பார்த்தாள். பஸ் கிளம்பிவிட்டது. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, கல்லெறிந்தவனின் பெண்டாட்டி என்பது மூஞ்சியில் எழுதியிருப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். கோமதிநாயகம் ஜன்னல் வழியாக உலகத்தின் பாதியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பஸ் கலர் ஸ்டாப்பைத் தாண்டியது. சேலைகள் ஏறின, சட்டைகள் ஏறின, கண்டக்டரின் வெற்றிலை வாய் சிவந்தது. வடிவு கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே தெரிந்த நிஜமான பச்சைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"ஏம்மா வடிவு."

ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பது அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரமானது.

"அந்தப் புள்ள மூஞ்சிய இப்படித் திருப்பச் சொல்லு."

பவுனு திருப்பினாள். கோமதிநாயகம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இருக்கிற ஒரு கண்ணைப் பிள்ளைக்கு வெகு பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிள்ளையின் நெற்றி, மூக்கு, துணிக்கு வெளியே கிடந்த உள்ளங்கால் எல்லாம், அரைத்துப் பூசிய மஞ்சள் மாதிரி இருந்தது. கண்ணின் வெள்ளையும் அதே மஞ்சள்.

"இது என்ன நெறம்? டிரைவரே, எங்கயும் நிறுத்தாத. நேரா பெரியாஸ்பத்திரிக்கு விடு."

"அண்ணாச்சி, பெர்மிட் ரூட்டு..."

"பெர்மிட்ட நான் பாத்துக்கிடுதேன். வண்டிய விடு."

பஸ் முழுக்க வேறு எங்கெங்கோ போக வேண்டியவர்கள். ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை பேரும் இறங்கி நின்றார்கள். டாக்டர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். மஞ்சள் காமாலை முற்றிவிட்டது, இரண்டு நாள் முன்னாலேயே தெரிந்திருக்குமே, உங்கள் ஊரில் யாருக்கும் கண் இல்லையா என்று சத்தம் போட்டார். கோமதிநாயகம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிள்ளையை ஒரு நீல வெளிச்சத்துக்குக் கீழே, கண்ணைக் கட்டி, அம்மணமாகப் போட்டிருந்தார்கள். பவுனு அந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வடிவு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். டீ ஆறட்டும் என்று விட்டுவைத்த நாட்கள் ஒவ்வொன்றாக அவள் முன்னால் வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றும் ஒரு சொட்டு மஞ்சள்.

சொந்தக்காரர்களுக்கு ஆள் அனுப்பிவிட்டு அவள் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினாள். பாலத்தைத் தாண்டியதும் அவள் கை பழுப்பானது. நெட் சென்டரில் ஆவுடை காத்திருந்தான். நடந்ததைச் சொன்னாள். பாதி சொல்லும்போதே குற்றாலம் கையில் கடப்பாரையும் முழங்கால் வரை மண்ணுமாக ஓடிவந்து வாசலில் நின்றான். சுவரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

"எக்கா, டிரைவரப் போடுக்கா. எனக்கு வெங்காயமும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம். எம்புள்ள வீட்டுக்கு வந்தா என்ன நெறத்துல இருக்கான்னு எனக்குத் தெரியணும்."

"எங்கிட்ட அது முன்னாலயே இருந்திச்சுலே" என்றாள் வடிவு.

குற்றாலத்துக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவனுக்கு நேரமும் இல்லை, ஆஸ்பத்திரி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். ஆவுடைக்குப் புரிந்தது. அவன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டான்.

"போடு" என்றான்.

"நாளையிலருந்து உங்கம்மாவுக்கு மாடியிலருந்து உன் துண்டு தெரியும்."

"தெரிஞ்சுட்டுப் போட்டும்."

அவள் ஐகானை அமுக்கினாள். பச்சைக் கோடு ஒன்று மெதுவாக நகர்ந்து, முக்கால்வாசியில் நின்று யோசித்து, மறுபடி நகர்ந்தது. டிரைவர் ஏறும்போது திரை ஒரு கணம் செத்து எழும் என்று அவளுக்குத் தெரியும். ஊரும் அப்படிச் செய்யும் என்பதை அவள் யோசிக்கவில்லை. உச்சி வெயிலில் நொச்சிவிளாகம் முழுக்க ஒரே கறுப்பானது. பந்தலில் ஏணிமேல் நின்றவன் ஏணிமேலேயே நின்றான், கோழிகள் இருந்த இடத்தில் உட்கார்ந்தன, மேலத்தெருவில் யாரோ "எவன்டா அது" என்று கேட்டதும் கீழத்தெருவில் யாரோ "நான்தான்டா" என்று சொன்னதும் பக்கத்துப் பக்கத்தில் கேட்டன. இருட்டில் ஆவுடை அவள் கையைத் தேடி, முதலில் மவுஸைப் பிடித்து, பிறகு கையைப் பிடித்தான்.

அப்புறம் நிறங்கள் வந்தன.

பழையபடி வரவில்லை. முன்னால் இருந்தது ஓட்டை டிரைவர், இது புதுசு. கோடிக்கு மேல் நிறம் காட்டும் என்று பெருமையாகப் போட்டிருந்தது, பொய்யில்லை. வேப்பமரத்தில் ஒரு இலையின் பச்சை இன்னொரு இலைக்கு இல்லை. பட்டை பட்டையாக நின்ற சாயங்கால வானம் இப்போது எங்கே ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று காட்டாமல் வழிந்தது, பார்த்துக்கொண்டிருந்த பஞ்சாயத்து கிளார்க் வீட்டுக்குப் போக மறந்தார். நரைத்தவர்களுக்கு ஒவ்வொரு முடியும் ஒரு வயது காட்டியது.

சந்தோஷமாகக் கொடியைப் பார்க்கப் போன மேலத்தெருவுக்குத்தான் முதலில் சிக்கல் தெரிந்தது. கொடி கத்தரிப்பூ நிறம்தான். ஆனால் மூன்று முழத் துணியில் மூன்று கத்தரிப்பூ இருந்தது. வெயிலில் காய்ந்த பக்கம் ஒன்று, மடிப்பில் இருந்தது ஒன்று, தையல்காரர் ஒட்டுப் போட்டது ஒன்று. துண்டுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு துண்டுக்கு ஒரு துண்டு சேரவில்லை. விடியற்காலைக் கத்தரிப்பூ, உச்சி வெயில் கத்தரிப்பூ, சாக்கில் கிடந்து வாடிய கத்தரிப்பூ என்று வீட்டுக்கு ஒன்றாக இருந்தது. இதில் நம் தெருவின் கத்தரிப்பூ எது? மூத்த வீட்டுக்காரர் தன்னுடையதுதான் என்றார். அடுத்த வீட்டுக்காரர், உங்கள் துண்டைப் பார்த்தால் வெங்காயம் மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் மேலத்தெரு ஏழெட்டாகப் பிளந்தது. கீழத்தெருவும் அதே நேரத்தில் சின்ன வெங்காயமா பெரிய பெல்லாரியா என்பதில் தொடங்கி, உரித்த தோலா உரிக்காத தோலா என்பதில் அடிதடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

கோமதிநாயகம் கொடிப் படத்தோடு வந்தார். இந்தத் தடவை நேராக வடிவிடம் பேசினார். அவள் படத்தைத் திறந்தாள். ஒரு பிரவுசரில் கொஞ்சம் சிவப்போடிய கத்தரிப்பூ, இன்னொன்றில் கொஞ்சம் நீலமோடிய கத்தரிப்பூ.

"எதுல இருக்கது நெசம்?"

"படத்துக்குள்ளயே நான் இன்ன நெறம்னு ஒரு குறிப்பு இருக்கும் அத்தான். இந்த பிரவுசர் அதக் கேட்டுட்டுக் காட்டுது. அது கேக்காமக் காட்டுது. அதுக்கு மேல மானிட்டர் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் சேத்துக்கிடும்."

"அப்ப எங்க நெறம் எது?"

"நீங்க எதுன்னு சொல்லுதீங்களோ அதப் போடுதேன்."

அவர் வெளியே எட்டிப்பார்த்துத் தன் தெரு ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டார். மூன்று பதில் வந்தது. வடிவு இரண்டு தெருவுக்கும் ஊதா என்று போட்டு அனுப்பினாள். மேலிடத்தில் அதை வாசிக்கிறவர் வெளியூர்க்காரர் என்பதால் அனுமதி உடனே வந்தது.

கொடையன்று கூடுதல் போலீஸ் வந்து இறங்கி, லத்தியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தெருவும் சந்திக்கிற இடத்தில் வெயிலில் நின்றது. யாரும் வரவில்லை. மேலத்தெரு மேலத்தெருவோடும் கீழத்தெரு கீழத்தெருவோடும் வாய்ச்சண்டையில் இருந்தன. சண்டை வீட்டுக்கு வீடு என்றாகிவிட்டதால் கல் பொறுக்க ஆள் போதவில்லை. இன்ஸ்பெக்டர் பானகம் குடித்துவிட்டு நிழலில் தூங்கினார். எந்த வீட்டுச் சேலையை முதலில் சாத்துவது என்ற தகராறில் அலுத்துப்போன பூசாரி, கொண்டுவாருங்கள் என்று எல்லாவற்றையும் வாங்கி ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்ற, அம்மன் அந்த வருஷம் கருவறை வாசல் வழியாக வெளியே வர முடியாத அளவுக்குப் பெருத்து, உள்ளிருந்தபடியே கொடையைப் பார்த்தாள்.

ஆவுடையின் அம்மா மாடியில் உட்கார்ந்து மகனின் துண்டு நெட் சென்டருக்குள் போவதையும் வராமல் இருப்பதையும் பார்த்தாள். பார்த்து, ஊரே கேட்கும்படி வைதாள். அவன் வரவில்லை. மூன்றாம் நாள் வைவதற்குப் பதிலாக அவன் போர்வையை யாரிடமோ கொடுத்தனுப்பினாள்.

கொடை முடிந்த மறுநாள் பவுனு பிள்ளையோடு வந்து பஸ் இறங்கினாள். வெயில் ஏறியிருந்ததால் முதலில் நெட் சென்டருக்குள் வந்து உட்கார்ந்தாள். பிள்ளை கை கால் உதைத்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. உள்ளே கண் மருந்துக்குக் காப்பீட்டு அட்டை எடுக்க வந்து உட்கார்ந்திருந்த கோமதிநாயகம் இரண்டு கையையும் நீட்டினார். பவுனு வடிவைப் பார்த்தாள். வடிவு தலையை ஆட்டினாள். பிள்ளை அவர் மடிக்குப் போனதும் அழுகையை நிறுத்திவிட்டு அவர் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

அப்போதுதான் குற்றாலம் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். உள்ளே யார் மடியில் தன் பிள்ளை இருக்கிறது என்று பார்த்ததும் கால் எடுத்துவைக்காமல் அப்படியே நின்றுவிட்டான். ஆவுடை பிரிண்டரில் பேப்பர் வைப்பதுபோல் குனிந்துகொண்டான். கோமதிநாயகம் பிள்ளையின் உள்ளங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண் இமையை விரலால் விலக்கிப் பார்த்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்:

"ஏலே, வாசல்ல நின்னு வெளிச்சத்த மறைக்காத. புள்ள நெறத்தப் பாக்கணும்."

வெளியே போனாலும் வெளிச்சம் வரும், உள்ளே வந்தாலும் வரும். குற்றாலம் இரண்டையும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பையைக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றினான்.